கோடரியும் சங்கிலி வாளும்



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பழைய நாற்சார வீடொன்றினுள் நின்று அண்ணாந்து நோக்குவோமாயின், ஓடுகளைத் தாங்கி நிற்கும் கரிய மரங்கள் கண்ணிற்படும். அவை பனையிலிருந்து எடுத்த கைமரங்களும் சிலாகைகளுமாம். அம்மரங்களை அன்று வீழ்த்தியது கோடரி. இன்று அத்தொழிலைச் சங்கிலி வாள் மேற்கொண்டுள்ளது. பெருமரம் தறிப்பதற்கு வலிமை மிக்க வாள் எது என்னும் கேள்வி நம்மவரிடையே இன்று எழுகின்றது. அதற்கு விடை காண விழைவோர், கருவியை நோக்குமுன் மரத்தை நோக்குதல் வேண்டும்.

தொல்காப்பியர் தமது மரபியலிலே, புறத்தே வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் கொண்டவற்றை மரம் என்றும் வகுத்தார். உரையாசிரியர்கள் பனையையும் தெங்கையும் புல்லின் பாற்படுத்துவர். இஃது இலக்கண நூலார்க்கு மட்டும் உரிய செய்தியன்று. மரம் தறிப்போனுக்கும் இதுவே முதற்பாடம். வன்னிக் காட்டிலே வளரும் பாலை, முதிரை, கருங்காலி ஆகியவற்றின் வயிரம் நடுவிலே உள்ளது. பனையின் வயிரமோ வெளிவட்டத்திலே உள்ளது; உள்ளே இருப்பது மென்மையான சோறு.

இப்புறவயிரமே குடாநாட்டுக்கு வாணிகச் செல்வமாயிற்று. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் காலத்திலே பனங்கைமரங்களும் சிலாகைகளும் தோணியேறிக் கொழும்புக்கும் இந்தியக் கரைகளுக்கும் சென்றன. ஆங்கிலேயர் காலத்திலும் அவ்வாணிகம் குன்றவில்லை. ஆண்டொன்றுக்கு 70,000 முதல் 80,000 வரையான பனைகள் இங்கே தறிக்கப்பட்டன எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்கள் கூறுகின்றன. பெண்பனையின் வயிரமே கருமையும் கடினமும் மிக்கதெனப் போற்றப்பட்டு, ஆண்பனையினும் மிகுந்த விலை பெற்றது. ஆகவே, பழமும் கிழங்கும் தந்து வீட்டாரைப் புரந்த பனையே கோடரியின் கண்ணுக்கும் முதலில் இலக்காயிற்று.

ஆயினும், கோடரிக்கு ஓர் எல்லை இருந்தது. வயிரமேறிய பனையைத் தறிப்பது வியர்வை சிந்தும் தொழில். தறித்த பின்னும் ஆப்பு அறைந்து பிளந்து, உட்சோற்றைச் செதுக்கி நீக்க வேண்டும். ஒரு மரத்துக்கு இத்துணை உழைப்பு வேண்டியிருந்தமையால், தறிக்கத்தான் வேண்டுமா என்று எண்ணிப் பார்க்கவும் நேரம் இருந்தது.

அந்த நேரத்தைச் சுருக்கிய கருவியின் வரலாறு வியப்புக்குரியது. பல்லுடைய சங்கிலியால் அறுக்கும் முறை காட்டிலே பிறந்ததன்று. மருத்துவ அறையிலே பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே ஜோன் எய்ற்கின், ஜேம்ஸ் ஜெப்ரே என்னும் ஸ்கொத்லாந்து மருத்துவர் இருவர், எலும்பை அறுப்பதற்கெனக் கையால் இழுக்கும் சங்கிலி வாளைக் கையாண்டனர். ஜெர்மனியிலே அந்திரேயாஸ் ஸ்ரீல் என்பார் 1926ஆம் ஆண்டில் மின்சாரத்தாலும், 1929ஆம் ஆண்டில் பெற்றோலாலும் இயங்கும் மரவாள்களை ஆக்கினார். அவை இருவர் சேர்ந்து பிடிக்க வேண்டிய பெருஞ்சுமைகள். பின்னர் அமெரிக்காவிலே மரந்தறிக்கும் தொழிலாளியாகிய ஜோசப் கொக்ஸ், மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு தன் தாடைகளை இருபுறமும் வளைத்து அறுப்பதைக் கூர்ந்து நோக்கி, 1947ஆம் ஆண்டில் புதுவகைச் சங்கிலியை உருவாக்கினார். இன்றைய சங்கிலிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தனவே.

இனி வாளைத் தெரியும் முறைக்கு வருவோம். வலிமை என்பது இயந்திரத்தின் பருமனில் மட்டும் அடங்கியதன்று. கிளை வெட்டுவதற்கு 40 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய இயந்திரம் போதும். பருத்த அடிமரத்துக்கு 60 முதல் 90 வரை வேண்டும். சங்கிலி ஓடும் அலகு, மரத்தின் குறுக்களவினும் சிறிது நீண்டிருத்தல் நலம். ஆனால் சிறிய இயந்திரத்திலே நீண்ட அலகைப் பூட்டினால், சங்கிலி மரத்துள் திணறி நின்றுவிடும். பனையிலே வேறோர் இடரும் உண்டு. அதன் நார் நீண்டு உரிந்து சங்கிலிச் சக்கரத்திலே சுற்றிக்கொள்ளும். நாரோடு சேர்ந்த மணற்சத்து பற்களை விரைவில் மழுக்கும். துருவல் விழாமல் தூள் விழத் தொடங்கினால், பல் மழுங்கிவிட்டது என்று அறிந்து அரம் போடுதல் வேண்டும். அலகின் நுனியது மேற்பகுதி மரத்தில் முட்டினால், வாள் தறிப்போனை நோக்கித் துள்ளி எழும். ஆதலால் சங்கிலியை நொடியில் நிறுத்தும் தடை இல்லாத வாளை, அது எத்துணை மலிவாயினும், வாங்கலாகாது.

இவ்வளவும் கருவியைப் பற்றியவை. மரத்தைக் காக்கும் கடமையோ வேறிடத்தில் உள்ளது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பலா, ஈரப்பலா ஆகியவற்றோடு பெண்பனையையும் உத்தரவின்றித் தறித்தல் ஆகாதெனப்பட்டது. 1978ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. பின்னர் வந்த போர்க்காலமோ எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனங்குற்றிகள் அடுக்கப்பட்டன. எஞ்சிய பனைகள் பலவற்றின் தலைகளை எறிகணைகள் கொய்தன. போர் 2009இல் முடிந்தபோது, மொட்டையாய் நின்ற பனைகளே பல ஊர்களின் அடையாளமாயின. 2019ஆம் ஆண்டில், சங்கிலி வாள் வைத்திருப்போர் அதனைப் பொலிஸ் நிலையத்திலே பதிவு செய்ய வேண்டும் என அரசு பணித்தது. வாளின் வலிமையை அரசும் உணர்ந்தமைக்கு அது சான்று.

நேயர்களே, முதிரை தறித்த அடியிலிருந்து மீண்டும் தளிர் எழக் கூடும். பனைக்கோ ஒரே குருத்து. தலை போனால் உயிரும் போயிற்று. விதையிலிருந்து மீண்டும் தொடங்கிக் கைமரத்துக்கு ஏற்ற வயிரம் பெறப் பல பத்தாண்டுகள் செல்லும். பாட்டன் ஊன்றியதைப் பேரன் தறிக்கிறான் என்பது இங்கே அணிந்துரையன்று, கணக்கு.

அன்று கோடரி நமக்குத் தந்த அவகாசத்தை இன்று சங்கிலி வாள் தருவதில்லை. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அந்த அவகாசத்தை இனி நாமே தேடிக்கொள்ளல் வேண்டும். வாளை இயக்கு முன் மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து, இது வீழத்தான் வேண்டுமா என்று வினவுவோம். வேண்டுமென்றே முடிவாயின், அந்நாளிலேயே பத்துப் பனம்விதைகளை மண்ணில் ஊன்றுவோம்.