இளவேனில் பனிச்சரிவும் அனுமதிச் சீட்டும்

2023 ஏப்ரல் 4 அன்று, நண்பகலை ஒட்டி, சிக்கிமில் நாது லா செல்லும் சாலையில் பனிச்சரிவு விழுந்து சுற்றுலாப் பயணிகள் ஏழு பேர் இறந்தனர். அனுமதி பதின்மூன்றாம் மைல் வரைதான். அதைத் தாண்டிப் போனதே வினையாயிற்று என்று அப்போது பேசப்பட்டது. எல்லை முக்கியம்தான். ஆனால் இளவேனிலில் ‘எதுவரை போகலாம்’ என்பதற்கு நிகராக ‘எத்தனை மணிவரை போகலாம்’ என்றும் கேட்டாக வேண்டும்.

குளிர்காலச் சரிவுகளுக்குப் பெரும்பாலும் புதுப்பனியின் பாரமோ காற்று குவித்த பனியோ காரணம். மார்ச்சுக்குப் பிறகு நிலைமை வேறு. பகலில் மேற்பரப்பு உருகி நீர் உள்ளே கசிகிறது. அடியிலுள்ள குளிர்ந்த அடுக்கில் மீண்டும் உறையும்போது கிலோவுக்குச் சுமார் 334 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தை அங்கே விடுகிறது. நாளடைவில் மேலிருந்து தரைவரை பனி முழுவதும் 0 டிகிரியை எட்டிவிடும். அதன்பின் இறங்கும் நீரை உறையவைக்கக் குளிர் மிச்சமில்லை. அது பழைய உறைபாளத்தின் மேலோ மண்ணின் மேலோ தேங்கி, பனித்துகள்களின் பிணைப்பைக் குலைக்கிறது. தெளிந்த வானமுள்ள இரவில் மேற்பரப்பு மறுபடி இறுகும். விடியலில் பூட்ஸ் தடம்கூடப் பதியாது. அதே இடத்தில் பிற்பகலில் கால் முழங்கால்வரை புதையும். மேகம் மூடிய இரவென்றால் இந்த இறுக்கமும் கிடையாது. சரிவில் பனி உருண்டைகள் தாமாக உருளத் தொடங்கினால் அங்கே நிற்கவே கூடாது. கிழக்கு நோக்கிய சரிவு காலையில் இளகும், மேற்குச் சரிவு பிற்பகலில்.

இப்படி உருகுநீரால் பிடி தளர்ந்து விழும் ஈரப்பனிச் சரிவு இமயத்தில் பெருகி வருகிறது என்பதற்குச் சான்றும் உண்டு. பனிச்சரிவு மோதிய மரத்தின் வளையங்களில் அந்த ஆண்டின் காயம் பதிந்துவிடும். இமாச்சலப் பிரதேசத்தில் அவ்வளையங்களைப் படித்து 2018இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் வெளிவந்த ஆய்வு, பின்குளிர்கால, இளவேனில் வெப்பமேற்றத்தையும் ஈரப்பனிச் சரிவுகளையும் இணைத்துக் காட்டியது.

நேரத்தைப் பார்க்கச் சொல்லும் என் வாதத்துக்கு மறுப்பு ஒன்று உண்டு, அது வலுவானது. 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மானா அருகே எல்லைச் சாலைகள் அமைப்பின் முகாமைச் சரிவு மூடியது விடியற்காலையில். 54 தொழிலாளர்கள் சிக்கினர். எட்டுப் பேர் இறந்தனர். 2,400 மீட்டருக்கு மேல் 24 மணி நேர எச்சரிக்கை முந்தைய மாலையே வந்திருந்தது. கடும் பனிப்பொழிவை ஒட்டி நேர்ந்த அச்சரிவில் மணிக்கணக்கு யாரையும் காப்பாற்றியிருக்காது. ஆகவே என் வாதம் உருகுபனிக்கு மட்டுமே பொருந்தும். நாது லா விபத்தையும் நண்பகல் நேரத்தை மட்டும் வைத்து ஈரப்பனிக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன்.

ஆனால் ஒரு மாவட்டம் முழுமைக்கும் ஒரு நாள் முழுவதற்கும் விடும் எச்சரிக்கை, காலை ஆறு மணியையும் பிற்பகல் இரண்டு மணியையும் ஒன்றாக்கிவிடுகிறது. காற்றின் வெப்பநிலையைப் பார்த்து முடிவெடுப்பதும் போதாது. காற்று 0 டிகிரிக்கு மேலிருக்கும்போதே பனிமுகம் உறையலாம். அளக்க வேண்டியது பனிமுகத்தின் இரவு வெப்பநிலை. பனி உறையாத இரவுக்கு அடுத்த நாள் பயணிகளுக்கு அனுமதிச் சீட்டே தரக்கூடாது. உறைந்த நாளில் தரும் சீட்டில் திரும்பவேண்டிய நேரத்தையும் அச்சிட வேண்டும்.