கண்ணாடிக்குள் கடல்

வீட்டுக் கூடத்தில் கடல் மீன் வளர்ப்பது இந்நாளில் எளிய பொழுதுபோக்காகத் தோன்றுகின்றது. உப்புப் பொடியை நீரில் கரைக்கின்றனர். மின்கருவி காற்றை ஊட்டுகின்றது. விரல் நீளமே உள்ள நீல நிற டேம்சல் மீன் கல்லிடுக்கில் புகுந்து புறப்படுகின்றது. ஆயினும், கலத்தில் முகந்து வைத்த கடல்நீரில் உயிர்கள் ஏன் சின்னாளில் மடிகின்றன என்ற வினாவுக்கு விடை காண நெடுங்காலம் ஆயிற்று.

1846ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் ஆங்கில அம்மையார், டார்க்கீ கடற்கரையிற் கண்ட பவள உயிர்களை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். நாள்தோறும் புதிய கடல்நீருக்கு எங்கே போவது? திறந்த சாளரத்தின் அருகே நின்று, இருக்கும் நீரையே கலத்திற்குக் கலம் மாற்றி ஊற்றுமாறு ஏற்பாடு செய்தார். ஊற்றியவள் வீட்டுப் பணிப்பெண். ஒவ்வொரு நாளும் அரைமணி முதல் முக்கால் மணி நேரம்! அவளுடைய கைகளே அந்நாளைய காற்றுக் கருவி. பின்னர் அம்மையார் கடற்பாசிகளையும் நீரில் சேர்த்தார்.

செடி உயிர்க்காற்றைத் தரும், நத்தை அழுகலைத் தின்னும், மீன் வாழும் என்னும் சமநிலையை 1850இல் நன்னீரில் விளக்கினார் வேதியியலறிஞர் இராபர்ட் வாரிங்டன். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் தம் நூலை வெளியிட்டார். நால்வகை உப்புகளைக் கொண்டு கடல்நீர் ஆக்கும் முறையையும் கண்டார். கண்ணாடி மீதான வரி 1845இலேயே நீங்கியிருந்தது. கேட்க வேண்டுமா? தொட்டி வைப்பது பெரும் மோகமாயிற்று. மக்கள் திரண்டு சென்று பாறைக்குட்டைகளைச் சூறையாடினர். அவ்வழிவை அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வருத்தத்துடன் எழுதினார்.

எனினும் உயிர்க்காற்று மட்டும் போதாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கின்றது. அதனை நைட்ரைட்டாகவும், பின் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்களை 1890இல் பிரித்துக் காட்டினார் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி. மணலிலும் கல்லிலும் படிந்து வாழும் இவை புதுத் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை நீர் நஞ்சே.

இருபதாம் நூற்றாண்டில் இங்கேதான் டேம்சல் வந்து சேர்ந்தது. விலை மலிவு, உடல் உரம் மிகுதி. எனவே புதுத் தொட்டியில் முதலில் இதனை விட்டு, இதன் கழிவால் நுண்ணுயிர்களை வளர்த்து, நீர் பக்குவமான பின் விலையுயர்ந்த மீன்களை விடும் வழக்கம் பரவிற்று. நஞ்சு அதன் செவுள்களை எரித்தது, பல மடிந்தன. தாங்கும் என்பதனாலேயே ஓர் உயிரைத் துன்புறுத்தலாமா? எனக்கு உடன்பாடில்லை. பிழைத்த மீனோ தொட்டி முழுவதையும் தன் எல்லையாகக் கொண்டு, பின்வந்த மீன்களை விரட்டிக் கடித்தது!

1960களின் தொடக்கத்தில் ஜாகர்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிர்கள் ஒட்டிய கடற்கற்களையே தொட்டியில் இட்டுக் காற்றுக்குமிழிகளை மட்டும் செலுத்தி வெற்றி கண்டார். நுண்ணுயிர்கள் கல்லோடு வந்துவிட்டன அல்லவா? இந்நாளில் கற்களை இட்டோ, மீனில்லாத் தொட்டியில் சிறிது அம்மோனியாவைச் சேர்த்தோ நுண்ணுயிர்களை வளர்க்கின்றனர். அம்மோனியாவும் நைட்ரைட்டும் நீரில் இல்லை எனச் சோதனை காட்டிய பின்னரே மீன்களை விடுகின்றனர். அவற்றுள்ளும் சாதுவான மீன்களுக்கு முதலிடம். டேம்சலுக்குக் கடைசி இடம்.