ஓநாய்ச் சண்டை எங்கே? 'தி கிரே' படத்தால் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தது ஏன்? முழு விளக்கம்

கையில் உடைந்த பாட்டில்கள், எதிரே ஓநாய், நடுவில் லியாம் நீசன். 2012-ல் வெளியான 'தி கிரே' படத்தின் டிரைலரில் எல்லோர் மனதிலும் நின்ற காட்சி இதுதான். அந்தச் சண்டையைப் பார்க்க டிக்கெட் எடுத்தவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். நீசன் பாய்கிறார். திரை இருண்டுவிடுகிறது. படம் முடிந்தது!

"ஏமாத்திட்டாங்க" என்று கடுப்பானவர்கள் ஒரு பக்கம். "நான் பார்த்ததிலேயே மனசை உலுக்கின படம்" என்பவர்கள் இன்னொரு பக்கம். இத்தனை வருடங்கள் கழித்தும் இந்தச் சண்டை ஓயவில்லை. ஒரே படத்துக்கு ஏன் இப்படி இரண்டு முகம்?

(எச்சரிக்கை: படத்தின் முடிவு உட்பட முழுக் கதையும் கீழே வருகிறது. பார்க்காதவர்கள் யோசித்துவிட்டுத் தொடரவும்.)

கதை என்ன?

அலாஸ்காவில் ஒரு எண்ணெய் நிறுவனம். அங்கே வேலை செய்பவர்களை ஓநாய்கள் நெருங்காமல் சுட்டு விரட்டுவதுதான் ஆட்வேயின் (நீசன்) வேலை. மனைவி பக்கத்தில் இல்லை. அவளுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு, தன் உயிரையே முடித்துக்கொள்ள நினைக்கிறான். தூரத்தில் கேட்கும் ஓநாயின் ஊளை அவனை நிறுத்துகிறது.

அடுத்த நாள் தொழிலாளர்களோடு அவன் ஏறும் விமானம் பனிக்காட்டில் விழுகிறது. விபத்தில் தப்பி, நடக்கக்கூடிய நிலையில் இருப்பவர்கள் 7 பேர். குளிர், பசி, சுற்றிலும் ஓநாய்க்கூட்டம். ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசியில் ஆட்வே மட்டும்.

இதைச் சொன்னால் ஆக்‌ஷன் படம் போலத்தான் இருக்கும். விளம்பரமும் அப்படித்தான் விற்றது. சிக்கல் தொடங்கியதே அங்கேதான்.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது?

'டேக்கன்' படத்துக்குப் பிறகு லியாம் நீசன் என்றாலே ரசிகர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அவர் கோபப்படுவார், எதிரியைத் தேடிப் பிடிப்பார், ஜெயிப்பார். இயக்குநர் ஜோ கார்னஹனும் அதற்கு முன் 2010-ல் நீசனை வைத்து 'தி ஏ-டீம்' என்ற பக்கா மசாலா படம் எடுத்தவர். இரண்டையும் கூட்டிப் பார்த்தவர்கள், "இந்த முறை வில்லன் ஓநாய், அவ்வளவுதான்" என்று நினைத்ததில் தப்பு இல்லை.

அந்த எதிர்பார்ப்பு கூட்டத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தது. சுமார் 2.5 கோடி டாலர் பட்ஜெட்டில் எடுத்த படம், 2012 ஜனவரி 27-ல் அமெரிக்காவில் வெளியாகி, முதல் வார இறுதியிலேயே ஏறக்குறைய 2 கோடி டாலர் வசூலித்து முதலிடம் பிடித்தது. அமெரிக்கா, கனடாவில் மட்டும் மொத்த வசூல் 5 கோடி டாலரைத் தாண்டியது. ஆக, படம் தோல்வி இல்லை.

ஆனால், பார்த்தவர்கள் கொடுத்த மார்க் வேறு கதை சொன்னது. அமெரிக்காவில் 'சினிமாஸ்கோர்' என்ற நிறுவனம், படம் வெளியாகும் நாளில் தியேட்டரில் இருந்து வெளியே வருபவர்களிடம் மதிப்பெண் கேட்கும். 'ஏ பிளஸ்' முதல் 'எஃப்' வரை கொடுக்கலாம். விரும்பித்தான் முதல் நாளே வருகிறார்கள் என்பதால் பெரும்பாலும் தாராளமாகவே போடுவார்கள். 'தி கிரே'க்குக் கிடைத்தது 'பி மைனஸ்'. விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டிய படத்துக்கு ரசிகர்கள் கொடுத்தது இவ்வளவுதான்.

விமர்சகரையே எழுந்து போக வைத்த படம்

பாராட்டியவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் புகழ்பெற்ற விமர்சகர் ரோஜர் எபர்ட். 4-க்கு 3.5 நட்சத்திரம் கொடுத்தார். அவர் எழுதிய ஒரு விஷயம் இன்றும் பேசப்படுகிறது. 'தி கிரே' பார்த்த அதே நாளில் அவர் இன்னொரு படமும் பார்க்க வேண்டியிருந்தது. அது தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து வெளியே வந்துவிட்டார். அந்தப் படம் மோசம் என்பதால் அல்ல. முந்தைய படம் மனதை விட்டு இறங்கவில்லை. அந்த நிலையில் பார்ப்பது அடுத்த படத்துக்குச் செய்யும் அநியாயம் என்று நினைத்தார். முன்பு பார்த்த படத்துக்காக இன்னொரு படத்தில் இருந்து எழுந்து போனது அதுவே முதல் முறை என்றும் எழுதினார்.

ஒருவருக்கு ஏமாற்றம் தந்த அதே இருட்டு, இன்னொருவரை நாள் முழுக்கத் துரத்தியிருக்கிறது.

'விமானத்தை விட்டு ஏன் போனாங்க?'

படத்தைப் பிடிக்காதவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. கேள்வி நியாயமானது. விமானம் விழுந்தால் அதன் பக்கத்திலேயே இருப்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் பாதுகாப்பு விதி. உடைந்த விமானம் காற்றையும் பனியையும் தடுக்கும். மேலே பறந்து தேடுபவர்கள் கண்ணுக்கு, நடந்து போகும் ஆளைவிட அது சீக்கிரம் தெரியும்.

படத்தில் ஆட்வே வேறு கணக்குப் போடுகிறான். இது ஓநாய்களின் எல்லை, அவற்றின் குகை பக்கத்தில்தான் இருக்கிறது, இங்கே இருந்தால் விடாது, மரங்கள் இருக்கும் பக்கம் போய்விடலாம் என்கிறான். எல்லோரும் நம்பி நடக்கிறார்கள்.

இங்கேதான் படத்தின் கசப்பான திருப்பம் இருக்கிறது. கடைசிக் காட்சியில், தப்பி வந்ததாக நினைத்த ஆட்வே நிற்பது ஓநாய்களின் குகை வாசலில். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவன் சொன்ன வழிதான் அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. "லாஜிக் இல்லை" என்பவர்கள் இதை ஓட்டையாகப் பார்க்கிறார்கள். ஹீரோவுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையைப் படம் வேண்டுமென்றே உடைக்கிறது என்பது மறுதரப்பின் வாதம்.

பனி ஆற்றில் விழுந்து நனைந்தவன் அதன் பிறகும் நடந்து போவது, பாறை விளிம்பில் இருந்து தாவி மறுபக்க மரத்தைப் பிடிப்பது போன்ற காட்சிகள் மிகைதான். அதைப் படத்தின் ரசிகர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

ஓநாய்கள் உண்மையில் இப்படியா?

இல்லை. இந்த விஷயத்தில் படத்தைத் திட்டியவர்கள் பக்கம்தான் ஆதாரம் இருக்கிறது.

நார்வே இயற்கை ஆய்வு நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, 2002 முதல் 2020 வரையிலான ஓநாய்த் தாக்குதல்களை உலக அளவில் அலசியது. அதன்படி, ஐரோப்பா, வட அமெரிக்கா இரண்டிலும் சேர்த்து ஆதாரத்தோடு உறுதியானவை 12 தாக்குதல்கள். பாதிக்கப்பட்டவர்கள் 14 பேர், இறந்தவர்கள் 2 பேர். அந்த இரண்டு மரணங்களும் வட அமெரிக்காவில் நடந்தவை: 2005-ல் கனடாவின் சஸ்காட்சுவான், 2010-ல் அலாஸ்காவின் சிக்னிக் லேக். உலக அளவில் பதிவான சம்பவங்களில் பெரும்பாலானவை வெறிநோய் பிடித்த ஓநாய்களால் நடந்தவை.

கூட்டத் தலைவன் 'ஆல்ஃபா' ஓநாய் என்ற பேச்சும் படத்தில் நிறைய வரும். காட்டில் ஓநாய்க்கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, குட்டிகள். 'ஆல்ஃபா' என்ற சொல்லைத் தன் 1970 புத்தகத்தில் பரவலாக்கிய ஆய்வாளர் டேவிட் மெக்கே, 1999-ல் எழுதிய கட்டுரையில் காட்டு ஓநாய்களுக்கு அந்தச் சொல் பொருந்தாது என்று விளக்கினார்.

வெடித்த இறைச்சி சர்ச்சை

வனவிலங்கு ஆர்வலர்களின் கோபத்துக்கு இன்னும் இரண்டு காரணங்கள் இருந்தன.

முதலாவது, நேரம். அமெரிக்காவில் அழிவின் விளிம்புவரை போய்த் திரும்பியவை ஓநாய்கள். 2011-ல் ராக்கி மலைப் பகுதியில் சில மாநிலங்களிலும், 2012 ஜனவரியில் கிரேட் லேக்ஸ் பகுதியிலும் அவற்றுக்கான மத்திய அரசின் சட்டப் பாதுகாப்பு நீக்கப்பட்டது. "ஓநாயைச் சுடலாமா?" என்று நாடே விவாதித்த அதே மாதத்தில், மனிதர்களைத் தேடி வந்து கொல்லும் ஓநாய்களோடு ஒரு படம் வந்தது.

இரண்டாவது, இறைச்சி. படத்தில் ஓநாயைக் கொன்று சுட்டுத் தின்னும் காட்சி உண்டு. படப்பிடிப்பு நடந்தது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ஸ்மிதர்ஸ் பகுதியில். அங்கே பொறி வைத்து விலங்கு பிடிக்கும் ஒருவரிடம் இருந்து 4 ஓநாய்களின் உடல்களை வாங்கியதாகவும், இரண்டைக் காட்சிக்கும் இரண்டை நடிகர்கள் சாப்பிடவும் பயன்படுத்தியதாகவும் இயக்குநரே பேட்டியில் சொன்னார். பீட்டா, வைல்ட் எர்த் கார்டியன்ஸ் ஆகிய அமைப்புகள் படத்தைப் புறக்கணிக்கச் சொல்லிக் குரல் கொடுத்தன.

அப்புறம் ஏன் கொண்டாடுறாங்க?

படத்தில் யார் யார் எப்படிச் சாகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். எல்லோரையும் ஓநாய் கொல்லவில்லை. விபத்தில் காயம்பட்ட ஒருவன் ரத்தம் போயே இறக்கிறான். ஒருவன் மலையின் குளிரிலும் மூச்சுத்திணறலிலும் தூக்கத்திலேயே போகிறான். ஒருவன் ஆற்றில், கால் பாறையில் சிக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சில அங்குலம் கீழே மூழ்கிப் போகிறான். அந்த இடத்தில் ஓநாய்க்கு வேலையே இல்லை.

இதை மரணத்தைப் பற்றிய படமாகப் பார்ப்பவர்கள் இரண்டு காட்சிகளைச் சொல்வார்கள்.

ஒன்று, விபத்து நடந்த உடனே வருவது. ரத்தம் கொட்டும் தொழிலாளி, "எனக்கு என்ன ஆகுது?" என்று பதறுகிறான். மற்ற படங்களில் "ஒண்ணும் ஆகாது" என்பார்கள். ஆட்வே, "நீ சாகப்போகிறாய்" என்று நேராகச் சொல்கிறான். பிறகு, பிடித்த ஒருவரை மனதில் நினைத்துக்கொள்ளச் சொல்லி, அவன் அடங்கும்வரை கூடவே இருக்கிறான். மருத்துவமனைக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பொய் சொல்ல முடியாமல் தவித்தவர்களுக்கு இந்தக் காட்சி வேறு மாதிரி தெரியும்.

இரண்டாவது, டயஸ் (ஃப்ராங்க் கிரில்லோ). "எனக்குப் பயமே கிடையாது" என்று ஆரம்பத்தில் இருந்து சீறிக்கொண்டே வருபவன். முழங்கால் போனதும் ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிடுகிறான். எதிரே மலை. இதைவிட அழகான இடத்துக்குத் திரும்பிப் போய் நான் என்ன செய்யப்போகிறேன் என்கிறான். மற்ற இருவரும் அவனை இழுக்கவில்லை. முதல் பெயரைச் சொல்லிக் கைகுலுக்கிவிட்டு நடக்கிறார்கள். அது தோல்வியா, நிம்மதியா? இந்த ஒரு காட்சிக்கே ரசிகர்கள் இரண்டு கட்சி.

வானத்தைப் பார்த்துக் கத்தும் காட்சி

எல்லோரும் போன பிறகு ஆட்வே வானத்தைப் பார்த்துக் கடவுளைத் திட்டுகிறான். இப்போதே ஏதாவது செய்து காட்டு, உயிருள்ளவரை நம்புகிறேன் என்று கெஞ்சுகிறான். மேகம் மட்டும் இருக்கிறது. "சரி, நானே பார்த்துக்கிறேன்" என்று எழுகிறான்.

இதில் நாத்திகம் இருக்கிறது என்று சிலர் வருந்தினார்கள். கடவுளிடம் சண்டை போடுவதும் பக்திதான் என்றார்கள் வேறு சிலர். படம் யாருக்கும் தீர்ப்பு எழுதவில்லை.

நீசனின் சொந்த இழப்பு

படம் முழுக்க ஆட்வேயின் நினைவில் மனைவி வந்துபோகிறாள். அவனை விட்டுப் பிரிந்து போனவள் என்றுதான் நாம் நினைப்போம். கடைசியில் படுக்கை அருகே மருந்துக் குழாய் தெரியும்போதுதான், அவள் நோயில் இறந்தவள் என்று புரிகிறது.

நீசனின் மனைவியும் நடிகையுமான நடாஷா ரிச்சர்ட்சன், 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்கு விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அதை அறிந்த ரசிகர்களுக்கு இந்தக் காட்சிகள் நடிப்பாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயன் மெக்கன்சி ஜெஃபர்ஸின் 'கோஸ்ட் வாக்கர்' சிறுகதையில் இருந்து உருவான இந்தப் படத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் பிராட்லி கூப்பர். நீசன் பிறகுதான் வந்தார். அதாவது, அவருடைய சோகத்தை வைத்து எழுதிய கதை இல்லை இது.

கிரெடிட்டுக்குப் பிறகு என்ன வருகிறது?

கோபத்தில் எழுந்து போன பலர் தவறவிட்டது இது. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு சில நொடிகளுக்கு ஒரு காட்சி. கீழே கிடக்கும் ஓநாய், ஏறி இறங்கும் அதன் மூச்சு, அதன்மேல் சாய்ந்திருக்கும் ஆட்வேயின் தலை. சண்டை நடந்திருக்கிறது. ஜெயித்தது யார், அவன் உயிரோடு இருக்கிறானா? பதில் இல்லை.

படத்தின் தொடக்கத்தில் சாக நினைத்தவன், முடிவில் பிழைக்க வாய்ப்பே இல்லாத இடத்தில் போராடத் தயாராகிறான். அந்த மாற்றம்தான் கதை, சண்டை யார் பக்கம் முடிந்தது என்பது இல்லை. இதை ஏற்றுக்கொண்டவர்களுக்குத் திரை இருண்ட இடம் சரியான முடிவு. சண்டைக்காகக் காசு கொடுத்தவர்களுக்கு அது ஏமாற்றம். அவர்களை அப்படி எதிர்பார்க்க வைத்தது விளம்பரம்தான் என்பதால், அந்தக் கோபத்தையும் தப்பு சொல்ல முடியாது.

பார்க்கலாமா?

ஆக்‌ஷன் மட்டும் வேண்டும் என்றால் இது உங்களுக்கான படம் இல்லை. ஓநாய்களைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் இதை நம்பாதீர்கள். மெதுவாக நகரும், ஆறுதல் எதுவும் சொல்லாத ஒரு கதையோடு இரண்டு மணி நேரம் உட்கார முடியும் என்றால் பாருங்கள். கிரெடிட் முடியும்வரை எழுந்திருக்காதீர்கள். சமீபத்தில் யாரையாவது இழந்திருந்தால் கொஞ்ச நாள் தள்ளிவைப்பது நல்லது.

(படத்தில் தற்கொலை எண்ணம் தொடர்பான காட்சி உண்டு. உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கோ அப்படிப்பட்ட எண்ணம் வந்தால், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.)