கணவாய் வளர்த்த ஊர்

கோவையை உருவாக்கியது யார்? கோவன் என்ற இருளர் தலைவன் காடு திருத்திக் கண்ட ஊர், அவன் மக்கள் கும்பிட்ட தெய்வமே கோனியம்மன் என்பது நம் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. மண்ணுக்கடியில் கிடைத்த சான்றுகளோ இன்னும் பின்னோக்கி நம்மை அழைத்துப் போகின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. முசிறித் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு, இந்தக் கணவாய் வழியாகக் கொங்குக்குள் நுழைந்து, நொய்யல் கரையோரமாகக் கரூரை நோக்கிப் போனது. வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய வெள்ளி நாணயங்கள் அந்த வணிகத்தின் எச்சம். சென்னிமலை அருகே கொடுமணலில் இரும்பை உருக்கினார்கள், கல்மணிகளுக்குத் துளையிட்டார்கள். அங்கே தோண்டியெடுத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆட்பெயர்கள் இருக்கின்றன. கண்ணன் ஆதன் போன்ற தமிழ்ப் பெயர்களோடு விசாகி, சுமணன் போன்ற பிராகிருதச் சாயல் கொண்ட பெயர்களும் உண்டு. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே பல மொழிக்காரர்கள் புழங்கியிருக்கிறார்கள்.

அதன்பிறகும் வரவு ஓயவில்லை. ஒய்சளர் ஆட்சியோடு கன்னடம் வந்தது. அந்தக் காலத்துத் தணாயக்கன் கோட்டை இன்று பவானிசாகர் அணைநீருக்குள் கிடக்கிறது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு பேசும் உழவர்கள் கரிசல் மண்ணைத் தேடி வந்தார்கள். மைசூர் ஆட்சிக் காலத்துக் கோட்டை, கோட்டைமேடு என்ற பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பகுதியில் உருது இன்றும் கேட்கிறது. கணவாய்க்கு அப்பாலிருந்து மலையாளமும், பருத்தி வணிகத்தோடு குஜராத்தியும் வந்து சேர்ந்தன. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்தபின் இத்தனை மொழிக்காரர்களும் ஒரே சங்கொலிக்கு வேலைக்குப் போனார்கள்.

உலகின் மறுகோடியில் இதேபோல் ஒரு வணிக ஊர் இருந்தது. அட்ரியாட்டிக் கடலோர நகரக் குடியரசான ரகூசா, இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக். அதன் ஆவணங்கள் லத்தீனில். வீதியில் ஸ்லாவிய மொழி. 1472இல் அதன் ஆட்சிமன்றம், தன் விவாதங்களில் ஸ்லாவிய மொழி கூடாது என்று தடை போட்டது. தடையால் அந்த மொழி தேய்ந்துவிடவில்லை. 17ஆம் நூற்றாண்டில் அந்நகரின் பெருங்கவிஞர் இவான் குந்துலிச் அதிலேயே காவியம் படைத்தார்.

கோவையில் எந்த மன்றமும் அப்படியொரு தடை போட்டதில்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசியவர்கள், சந்தையிலும் ஆலையிலும் கொங்குத் தமிழ் பேசினார்கள், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நகராட்சித் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியார் பெயரைத் தாங்கும் ஆர்.எஸ்.புரத்தில், டி.பி. சாலையின் எந்தக் கடையிலும் இந்த இணக்கத்தை இன்றும் கேட்கலாம்.

"நாங்கள்தான் பூர்வகுடி, நீங்கள் வந்தேறி" என்று யாராவது பேசும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. இருளர்களை விட்டால், இந்த ஊரில் பெரும்பாலோர் ஏதோ ஒரு நூற்றாண்டில் ஏதோ ஒரு வழியாக வந்தவர்கள்தாம். உங்கள் வீட்டுப் பாட்டி தாத்தாவிடம் குடும்பம் எங்கிருந்து வந்தது, வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்று கேளுங்கள். கேட்டதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். நம் ஊர் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத அத்தியாயம் அதுதான்.

(தொடரும்)