பன்யா மரம்

பன்யா, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைத் தாயகமாகக் கொண்ட ஊசியிலை மரம். தாவரவியல் பெயர் அரோகேரியா பிட்வில்லியை. மாநிலத்தின் தென்கிழக்கிலுள்ள பன்யா மலைகளிலும் பிளாக்கால் மலைத்தொடரிலும் மிகுதியாகக் காணப்படுகிறது. 40 மீட்டருக்கும் மேல் உயரமாக வளரக்கூடியது. இதன் காய் 10 கிலோ வரை எடையுள்ளது. உள்ளே சத்து மிகுந்த பருப்புகள் நிறைந்திருக்கும்.

உணவும் உரிமையும்

வக்கா வக்கா, ஜரோவைர், கபி கபி முதலிய பழங்குடி மக்கள் இளம்பருப்பைப் பச்சையாகவும், முற்றியதைத் தணலில் சுட்டும் உண்டனர்; மாவாக இடித்தும் பயன்படுத்தினர்; ஈரமண்ணில் புதைத்துச் சேமித்தனர். தனித்தனி மரங்களுக்கு உரிமையாளர்கள் இருந்தனர். அந்த உரிமை தந்தைக்குப்பின் மகனுக்குச் சென்றது.

பெருங்கூடல்

ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை காய்ப்பு அமோகமாக இருக்கும். அப்போது தூதர் வழியே அண்டை இனத்தாருக்கு அழைப்பு செல்லும். பகைவரும்கூடத் தடையின்றி வந்து சேர்வர். வாரக்கணக்கில் நீண்ட இக்கூடலில் வழக்குகள் தீர்ந்தன, மணவுறவுகள் பேசப்பட்டன, பண்டமாற்று நடந்தது, புதிய ஆடல் பாடல்கள் ஊர்விட்டு ஊர் பரவின. சிறுவனாக 1840களில் இதில் கலந்துகொண்ட, குடியேறிக் குடும்பத்தைச் சேர்ந்த டாம் பெட்ரீயின் நினைவுகளை, அவருடைய மகள் 1904இல் நூலாக வெளியிட்டார்.

குடியேற்றக் காலம்

இம்மரம் பழங்குடியினரின் உணவு என்பதை ஏற்று, 1842இல், அப்பகுதியை அப்போது ஆண்ட நியூ சவுத் வேல்ஸின் ஆளுநர் ஜார்ஜ் கிப்ஸ் பன்யா நிலங்களில் குடியேறவும் மரம் வெட்டவும் உரிமம் தருவதைத் தடைசெய்தார். அவ்வாண்டே கில்காய் பண்ணையில் நஞ்சிட்ட மாவால் பழங்குடியினர் பலர் கொல்லப்பட்டனர். அச்செய்தி பன்யா கூடலில் பரவி, குடியேறிகளுக்கு எதிரான போராட்டத்தை மூட்டியது. குயின்ஸ்லாந்து தனிக் குடியேற்ற நாடானதும், 1860இல் வந்த நிலச் சட்டம் கிப்ஸின் தடையை நீக்கியது. மரஅறுவை ஆலைகள் மலைகளில் அமைந்தன. பழங்குடி மக்கள் தம் நிலத்திலிருந்து அகற்றப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருங்கூடல்கள் நின்றுபோயின.

இன்று

1908இல் பன்யா மலைகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இன்று பழங்குடி வனக்காவலர்கள் மரபுவழித் தீமேலாண்மையால் அங்குள்ள புல்வெளிகளைப் பேணுகின்றனர். கூடலை மீட்கும் விழாக்களும் நடைபெறுகின்றன. வேரழுகல் நோய் மரங்களை அழித்துவரும் இவ்வேளையில் மரத்தைக் காப்பது மட்டும் போதாது. அதன்மேல் அம்மக்களுக்குள்ள உரிமையும் காக்கப்பட வேண்டும்.