இண்டூரிலிருந்து உயர்நீதிமன்றம் வரை: நம் வழக்கின் ஆவணங்களைத் தேடிப் பெறுவது எப்படி?

தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் இடையில் உள்ள இண்டூரின் காவல் நிலையத்தில் ஒரு வன்கொடுமை வழக்கு பதிவாகிறது என்று கொள்வோம். இறுதித் தீர்ப்பு வருவதற்குள் அந்த ஒரே வழக்கு குறைந்தது மூன்று எண்களைச் சுமந்துவிடும். காவல் நிலையம் தருவது குற்ற எண். குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் கோப்புக்கு எடுத்தவுடன் வேறோர் எண் கிடைக்கும். மேல்முறையீடு சென்னைக்குச் சென்றால் மற்றுமோர் எண். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கையில் இருப்பதோ பெரும்பாலும் முதல் எண் மட்டுமே. சில ஆண்டுகள் கழித்து வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால், 'கோர்ட்டில் நடக்கிறது' என்பதற்கு மேல் அவர்களால் எதுவும் சொல்ல இயலாது. எந்த நீதிமன்றம், அடுத்த வாய்தா என்று, எதிரிக்குப் பிணை கிடைத்துவிட்டதா என்பதெல்லாம் எதிர்த்தரப்பு வழக்குரைஞருக்கு அத்துப்படி, நமக்குத்தான் தெரிவதில்லை.

இந்த அறியாமைக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் கீழ் வழங்கப்படும் தீருதவித் தொகை, பல குற்றங்களுக்கு, வழக்கின் படிநிலைகளோடு பிணைக்கப்பட்டுள்ளது. முதல் தகவல் அறிக்கை பதிவானதும் 25 விழுக்காடு, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டதும் 50 விழுக்காடு, கீழமை நீதிமன்றம் தண்டனை விதித்ததும் மீதி 25 விழுக்காடு. குற்றப்பத்திரிகை தாக்கலான செய்தியே தெரியாத குடும்பம், தனக்குச் சேர வேண்டிய பாதித் தொகையைக் கேட்கக்கூட வழியற்று நிற்கிறது. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து உயர்நீதிமன்றம் செல்வதற்கு 14ஏ பிரிவு தரும் காலம் 90 நாட்கள். தீர்ப்பு வந்ததே நூறாவது நாளில் தெரிந்தால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவிலிருந்துதான் நம் போராட்டம் தொடங்க வேண்டியிருக்கும்.

முதல் தகவல் அறிக்கை

எல்லாத் தேடலுக்கும் வேர் இதுதான். புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இதன் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(2) பிரிவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு ஒரு படி மேலே செல்கிறது. வாய்மொழியாகச் சொன்னதை எழுதிப் படித்துக் காட்டுவதும், பதிவான தகவலின் நகலை உடனே தருவதும் பொது ஊழியரின் கடமை. பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாத ஊழியர் அதை வேண்டுமென்றே புறக்கணித்தால் அதுவே குற்றம். எனவே காவல் நிலையத்தில் நகல் கேட்பதை யாரும் சலுகை கேட்பதாக எண்ணத் தேவையில்லை.

நிலையத்தில் தரவில்லையென்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தேடலாம். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்சநீதிமன்றம் 2016 செப்டம்பர் 7 அன்று உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், தீவிரவாதம் போன்ற உணர்திறன் மிக்க வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. சாதி தொடர்பான வழக்கை 'உணர்திறன் மிக்கது' என்று முத்திரையிட்டு ஏற்றாமல் விட்டால், பாதிக்கப்பட்டவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் முறையிடலாம். அவர் மூன்று அதிகாரிகள் கொண்ட குழுவை அமைத்து, மூன்று நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் அதே தீர்ப்பின் கட்டளைதான். தீர்ப்பின் இந்தப் பகுதியை நம் தோழர்கள் பலர் பயன்படுத்துவதில்லை.

நீதிமன்ற எண்ணைக் கண்டுபிடித்தல்

இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தமிழ்நாடு, தருமபுரி என்று தேர்ந்தெடுத்தவுடன் நீதிமன்ற வளாகத்தைக் கேட்கும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தருமபுரி, அரூர், பென்னாகரம், பாலக்கோடு என ஒவ்வொரு வளாகத்துக்கும் தனித்தனியே தேட வேண்டும். தருமபுரி வளாகத்தில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் வழக்கே இல்லை என்று ஆகிவிடாது. அது பென்னாகரத்தில் நிலுவையில் இருக்கலாம். காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு ஆகிய மூன்றையும் இட்டுத் தேடும் வழியே மிக உறுதியானது. பெயரை வைத்துத் தேடுவது சிக்கலானது. 'முருகன்' என்ற பெயரையே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாகத் தட்டச்சு செய்திருப்பார்கள். மேலும் குற்ற வழக்கில் வழக்குத் தொடுப்பவர் அரசு என்பதால், புகார்தாரரின் பெயர் பட்டியலில் வரவே வராது. காவல் ஆய்வாளரின் பதவியும் எதிரியின் பெயருமே இருக்கும். ஆகவே பெயரால் தேடுவதானால் முதல் எதிரியின் பெயரால் தேடுங்கள். 'நிலுவை', 'முடிந்தவை' என்ற இரண்டையும் பாருங்கள்.

வழக்கு கிடைத்ததும் 16 இலக்கமுள்ள சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது இருந்தால் மாவட்டம், வளாகம் எதையும் தேர்ந்தெடுக்காமல் நேராக அந்த வழக்குக்குப் போய்விடலாம். ஆனால் வழக்கு ஒரு நீதிமன்றத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்றால் இந்த எண்ணும் மாறும் என்பதை மறக்கக் கூடாது. நடுவர் நீதிமன்றத்தில் 'பி.ஆர்.சி.' என்ற தலைப்பில் இருந்த வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்டதும் 'எஸ்.சி.' ஆகிவிடும். (எஸ்.சி. என்பது இங்கே 'செஷன்ஸ் கேஸ்'. முதன்முறையாக நீதிமன்றப் பலகையைப் பார்க்கும் மாணவர்கள் எல்லா வழக்குகளும் பட்டியல் சாதியினரின் வழக்குகளே என்று எண்ணி மயங்குவதுண்டு.) வன்கொடுமை வழக்குகளைப் பொறுத்தவரை, 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, சிறப்பு நீதிமன்றமே நேரடியாக வழக்கைக் கோப்புக்கு எடுக்கலாம்.

நகல் பெறுதல்

இணையத்தில் பார்ப்பதோ பதிவிறக்குவதோ தகவலுக்கு உதவும். மேல்முறையீட்டுக்கோ வேறு நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டவோ சான்றிட்ட நகல் வேண்டும். அதற்கு நகல் மனு போட வேண்டும். வழக்கு எண், எந்த ஆவணம், எந்தத் தேதியிட்டது, மனுதாரர் அந்த வழக்கில் யார் என்பவற்றைத் தெளிவாக எழுதி நகல் பிரிவில் கொடுத்தால், மனுவுக்கு ஓர் எண் தருவார்கள். அதோடு வேலை முடிந்ததென்று வீட்டுக்குப் போய்விடுவதுதான் வழக்கமாக நேரும் இழப்பு. எத்தனை நகல் முத்திரைத்தாள் தேவை என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். குறித்த நாளுக்குள் செலுத்தாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். இண்டூரிலிருந்து தினமும் சென்று பலகையைப் பார்ப்பது கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு ஆகக்கூடியதல்ல. அருகில் இருக்கும் மாணவர்களோ இயக்கத் தோழர்களோ இந்த ஒரு வேலையை முறைவைத்துச் செய்தாலே பெரும் உதவி. பாதிக்கப்பட்டவர் சமூக ஆர்வலர்களின், தொண்டு நிறுவனங்களின், வழக்குரைஞர்களின் துணையைப் பெறலாம் என்பதை 15ஏ(12) பிரிவே உரிமையாக அங்கீகரித்திருக்கிறது.

நகலின் பின்புறம் மனு கொடுத்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், செலுத்திய நாள், நகல் ஆயத்தமான நாள் என வரிசையாகத் தேதிகள் இருக்கும். அவை வெறும் அலுவலகக் குறிப்புகள் அல்ல. நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலத்தை மேல்முறையீட்டுக் காலவரம்பிலிருந்து கழித்துக்கொள்ள காலவரையறைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அனுமதிக்கிறது. அந்தக் கணக்குக்கு ஆதாரம் அந்தத் தேதிகளே. முத்திரைத்தாளை நாம் தாமதமாகச் செலுத்தினால் அந்தத் தாமதம் நம் கணக்கில்தான் சேரும்.

குற்றப்பத்திரிகையைப் பொறுத்தவரை இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதைப் பொதுமக்கள் அனைவரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்ற முடியாது என்று சௌரவ் தாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் 2023 ஜனவரி 20 அன்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவருக்குத் தர மறுக்க இத்தீர்ப்பைக் காரணம் காட்ட முடியாது. 15ஏ(11) பிரிவின்படி மாநில அரசு வகுக்க வேண்டிய திட்டத்தில், புலனாய்வின் நிலையைத் தெரிவிப்பதும் குற்றப்பத்திரிகையின் நகலை இலவசமாகத் தருவதும் அடக்கம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சன்ஹிதாவின் 230ஆவது பிரிவும், வழக்குரைஞர் வைத்துள்ள பாதிக்கப்பட்டவருக்குக் குற்றப்பத்திரிகையையும் அதன் இணைப்புகளையும் கட்டணமின்றித் தரச் சொல்கிறது. வழக்குரைஞர் வைக்க வசதி இல்லையே என்பவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தீர்ப்பு, ஆவண நகல்களைப் பெறும் செலவும் அதில் சேரும்.

பிணை மனு விசாரணைக்கு வருவதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்ற 15ஏ(3), 15ஏ(5) பிரிவுகள் கட்டாயமானவை என்று ஹரிராம் பாம்பி வழக்கில் 2021 அக்டோபர் 29 அன்று உச்சநீதிமன்றம் கூறியது. அறிவிப்பு இல்லாமல் பிணை கிடைத்திருந்தால், அந்தப் பிணை உத்தரவின் நகலையே முதலில் வாங்க வேண்டும். அறிவிப்பு தரப்பட்டதா இல்லையா என்பது அதைப் படித்தாலே தெரியும்.

வழக்கில் இல்லாதவர்கள்

ஆய்வு மாணவரோ செய்தியாளரோ கேட்டால் நிலைமை வேறு. குற்ற வழக்கின் தீர்ப்பாலோ உத்தரவாலோ பாதிக்கப்படும் எவரும் கட்டணம் செலுத்தி நகல் பெறலாம். தொடர்பில்லாதவர் உயர்நீதிமன்ற விதிகளுக்கு உட்பட்டே பெற முடியும். நடைமுறையில் இதன் பொருள், எதற்காக வேண்டும் என்பதை விளக்கும் பிரமாணப் பத்திரத்துடன் மனு செய்து நீதிபதியின் உத்தரவைப் பெறுவதுதான். 'பார்ப்பதற்காக' என்று எழுதினால் மறுக்கப்படும். என்ன ஆய்வு, எந்தக் கல்லூரி, எந்த ஆவணம் என்று குறிப்பாக எழுத வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே நீதிமன்றக் கோப்பைக் கேட்பது வீண். நீதிமன்ற ஆவணங்களின் நகலை நீதிமன்ற விதிகளின்படியே பெற வேண்டும் என்று குஜராத் உயர்நீதிமன்ற வழக்கில் 2020 மார்ச் 4 அன்று உச்சநீதிமன்றம் முடிவுகட்டிவிட்டது. நமக்கு இதில் உடன்பாடு இல்லை. பத்து ரூபாயில் முடியும் காரியத்துக்கு ஏழைகள் வழக்குரைஞரையும் பிரமாணப் பத்திரத்தையும் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் நீதிமன்றத்துக்கு வெளியே இன்னும் கூர்மையாகவே இருக்கிறது. தீருதவி வழங்கப்பட்ட கோப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்சியர் தலைமையில் கூட வேண்டிய விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகள், ஒரு காவல் நிலையத்தில் ஓராண்டில் பதிவான வன்கொடுமை வழக்குகள் எத்தனை, அவற்றில் 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' என்று முடிக்கப்பட்டவை எத்தனை என்ற விவரம் ஆகியவற்றை அதன் வழியே கேட்கலாம்.

இந்தக் கடைசிச் சொல்லை மனத்தில் வையுங்கள். காவல்துறை வழக்கை அப்படி முடித்துவைக்க முனைந்தால், அதை ஏற்கும் முன் புகார்தாரருக்கு அறிவிப்புத் தந்து அவரைக் கேட்க வேண்டும் என்று பகவந்த் சிங் வழக்கில் 1985லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. கையெழுத்து வாங்க வரும் அறிவிப்பைப் படிக்காமல் கையொப்பமிடக் கூடாது. அதன் நகலை வாங்கி, ஆட்சேப மனுவை அந்த நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும்.

படிக்க வேண்டிய ஒரு தீர்ப்பு

நம் மாவட்டத்து மாணவர்கள் தேடிப் பழகுவதற்கு வாச்சாத்தி வழக்கே பொருத்தமானது. 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்து நடத்திய கொடுமைக்கு, தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என அறிவிக்கப்பட்டனர். அவர்களின் மேல்முறையீடுகளை 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று நீதிபதி பி. வேல்முருகன் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைப் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டார். அந்தத் தீர்ப்பை உயர்நீதிமன்ற இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். கிராம மக்களைச் சந்தனமரம் கடத்தியவர்கள் என்று சொன்ன அரசுப் பதிவேடுகளுக்கு எதிராகச் சாட்சியங்கள் எப்படி நின்றன என்பதைப் படித்தால், ஒவ்வொரு வாக்குமூலத்தின் நகலும் ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

பாலியல் குற்ற வழக்குகளின் ஆவணங்களைக் கையாளும்போது, பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது. வாட்ஸப் குழுவில் முதல் தகவல் அறிக்கையைப் படம் பிடித்துப் போடுவதும் இதில் அடங்கும். ஆர்வக்கோளாறில் நம்மவர்களே இதைச் செய்துவிடுகிறார்கள்.

பழைய கோப்புகள்

பஞ்சமி நிலம் போன்ற உரிமை வழக்குகளுக்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய தீர்ப்பாணைகள் தேவைப்படும். தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்றுதான் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. எனவே பழைய உரிமையியல் வழக்குகளுக்குச் சேலத்திலும், பிரிவினைக்கு முன் தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஊத்தங்கரை, ஓசூர்ப் பக்கத்து வழக்குகளுக்கு இரு மாவட்டங்களிலும் தேட வேண்டிவரும். 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளின்படி, வழக்குக் கோப்பின் பல பகுதிகள் குறித்த ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்படுகின்றன. தீர்ப்பும் தீர்ப்பாணையும் நெடுங்காலம் காக்கப்படும்; சாட்சியங்களும் இடைக்கால மனுக்களும் அவ்வளவு காலம் நிற்பதில்லை. ஆகவே வழக்கு முடிந்த ஆண்டிலேயே, மேல்முறையீடு செய்யும் எண்ணம் இல்லாவிட்டாலும், தீர்ப்போடு சாட்சிகளின் வாக்குமூலங்களுக்கும் குறியீடு செய்யப்பட்ட ஆவணங்களுக்கும் நகல் மனு போட்டு வாங்கி வைத்துவிட வேண்டும். ஒரு படி குடும்பத்திடமும் மற்றொரு படி வேறொரு வீட்டிலும் இருக்கட்டும். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டாம்பட்டி குடியிருப்புகள் எரிக்கப்பட்டபோது வீட்டோடு பட்டாக்களும் சான்றிதழ்களும் சாம்பலாயின.