சிறுமூளை: உறுப்பும் பெயரும்

உறுப்புகளுக்குப் பெயரிடும்போது மொழிகள் கண்ணுக்குத் தெரிந்ததையே முதலில் பற்றிக்கொள்கின்றன. தொழில் பின்னரே தெரியவருகிறது. தலையோட்டின் பின்பகுதியில், பெருமூளைக்குக் கீழே, மூளைத்தண்டுக்குப் பின்னால் அமைந்துள்ள உறுப்பை இலத்தீன் மொழியினர் 'செரிபெல்லம்' என்றனர். மூளையைக் குறிக்கும் 'செரிப்ரம்' என்னும் சொல்லின் குறுமை வடிவம் அது. செருமானிய மொழியிலும் அவ்வுறுப்புக்குச் சிறிய மூளை என்றே பெயர். நாம் வழங்கும் 'சிறுமூளை'யும் அளவை நோக்கி எழுந்த பெயரே.

மூளை என்னும் சொல்லும் இவ்வாறு உருவை நோக்கி எழுந்ததே போலும். தமிழில் அது தலைமூளையை மட்டுமன்றி, எலும்பினுள் இருக்கும் மச்சையையும் குறித்தது. தெலுங்கின் 'மூலுக' மச்சையைக் குறிக்க, கன்னடத்தின் 'மூளெ' எலும்பையே குறிக்கிறது. எலும்புக் கூட்டினுள் பொதிந்த மென்பொருள் என்பதே நம் முன்னோர் கண்டது எனக் கொள்ளத் தோன்றுகிறது. சிந்தனையும் அசைவும் அங்கிருந்து எழுகின்றன என்னும் செய்தி அச்சொல்லில் இல்லை.

தொழிலை அறிய உலகம் நெடுங்காலம் காத்திருந்தது. ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் வெளியிட்ட மூளை உடற்கூற்று நூலில், மூச்சும் இதயத் துடிப்பும் போன்று நம் விருப்பமின்றி நிகழும் இயக்கங்களைச் சிறுமூளை ஆள்கிறது என்று கருதினார். இத்தாலியரான லூயிஜி ரோலாண்டோ 1809இல் அதனை உடலசைவோடு தொடர்புபடுத்தினார். திருப்பம் 1824இல் வந்தது. பிரெஞ்சு அறிஞர் பியேர் ஃபுளூரன்ஸ் புறாக்களின் சிறுமூளையைச் சிறிது சிறிதாக நீக்கிப் பார்த்தார். (கொடிய சோதனைதான், அக்காலத்து அறிவியல் அதற்குக் கூசவில்லை.) பறவை பார்த்தது, கேட்டது, சிறகை அசைக்கவும் செய்தது, ஆயினும் நிற்கவும் நடக்கவும் பறக்கவும் இயலாமல் கள்ளுண்டது போலத் தள்ளாடியது. அசைவு இருந்தது, அசைவுகளுக்கிடையே இணக்கம் இல்லை. சிறுமூளை இயக்கத்தைப் பிறப்பிப்பதன்று, பல இயக்கங்களை ஒன்றோடொன்று பொருத்துவது என்னும் கருத்து அங்கே வேரூன்றியது.

மனிதரிடம் இதனைத் தெளிவாகக் காட்டியது முதல் உலகப் போர். தலையின் பின்புறத்தில் குண்டுக்காயம் பட்ட வீரர்களை ஆராய்ந்த கோர்டன் ஹோம்ஸ், 1917இல் தம் கண்டுபிடிப்புகளை வெளியிட்டார். ஒருபக்கச் சிறுமூளை சிதைந்தால் அதே பக்கத்துக் கையும் காலும் தடுமாறின; பெருமூளை எதிர்ப்பக்கத்தை ஆள்வதற்கு இது நேர்மாறானது. நல்ல கை தானாகவே செய்துவிடுகின்ற வேலையைப் பழுதுற்ற கையால் செய்யும்போது, ஒவ்வோர் அசைவையும் எண்ணியெண்ணிச் செய்யவேண்டியிருந்ததாக ஹோம்ஸின் நோயாளி ஒருவர் கூறியுள்ளார். இதனைக் காட்டிலும் நல்ல விளக்கத்தை நாம் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை.

உறுப்பின் அமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். இடமும் வலமுமாக இரண்டு அரைக்கோளங்கள். நடுவே புழுப்போன்ற ஒரு பகுதி. மூளையின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே சிறுமூளைக்குரியது. ஆயினும் மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி அங்கேதான் உள்ளன. பெயர்தான் சிறிது! பெருமூளை கைக்கு இடும் கட்டளையின் படி ஒன்று இங்கு வந்து சேர்கிறது. கை உண்மையில் எங்கே இருக்கிறது என்னும் செய்தி தண்டுவடத்தின் வழியாகவும், தலை எப்பக்கம் சாய்ந்துள்ளது என்னும் செய்தி உட்காதிலிருந்தும் வருகின்றன. இவற்றை ஒப்பிட்டுச் சிறுமூளை பிழையைத் திருத்துகிறது. அதன் புறணியிலிருந்து வெளியேறும் ஒரே வழி பர்கின்ஜே அணுக்கள். 1837இல் அவற்றை விளக்கிய அறிஞரின் பெயரையே அவை தாங்கியுள்ளன. அவை அனுப்புவது ஏவல் அன்று, தடை. கல்லைச் செதுக்கிச் சிலை எடுப்பதுபோல, மிகையைத் தடுத்து அசைவுக்கு வடிவம் தருகின்றன.

தெலுக் இந்தான் மாணவருக்கு இதனை விளக்கப் படம் தேவையில்லை. 1885இல் லியோங் சூன் சோங் கட்டிய கோபுரம் மென்மையான மண்ணில் சாய்ந்தது, சாய்ந்தபடியே நிற்கிறது. அதனருகில் நிற்கும் மனிதர் அவ்வாறு சாய்ந்தால், தாம் சாய்ந்ததை உணருமுன்னரே கணுக்காலும் இடுப்பும் திருத்தம் செய்துவிடும். அத்திருத்தத்தில் பெரும்பங்கு சிறுமூளையுடையது. பேராவின் பால்மரத் தோட்டங்களிலோ இன்னும் நுட்பமான சான்று இருந்தது. மரம் வெட்டும் தொழிலாளி பட்டையை ஆழமாகச் சீவினால்தான் பால் வரும். சிறிது மிகுந்தால் உள்ளிருக்கும் வளர்படலம் காயப்பட்டு மரம் புண்ணாகும். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவினது. விடியற்காலை அரையிருட்டில், தலைவிளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த அளவு தவறாமல் கத்தி ஓடியது. அக்கையைப் படிப்பற்ற கை என்று கூறியோர் உண்டு. சிறுமூளை பயின்ற பாடத்தைப் பள்ளிச் சான்றிதழ் குறிப்பதில்லை என்பதே நம் மறுமொழி.

இனிப் பெயர்களுக்கு வருவோம். மேலை உடற்கூற்றியல் தமிழுக்கு வந்தது யாழ்ப்பாணத்தின் வழியாக. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் பயிற்றுவித்தார். 1864 முதல் தமிழிலேயே பயிற்றுவித்தார். கட்டரின் உடற்கூற்று நூலை 1857இல் தமிழில் வெளியிட்டார். 1858இல் இலண்டனில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல், 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் 1872இல் தமிழாயிற்று. பதினான்கே ஆண்டு இடைவெளி! அங்காதிபாதம் என்னும் சொல் நம் பாதாதிகேச இலக்கிய மரபை நினைவூட்டுகிறது. வேதியியல் நூலுக்கோ 'கெமிஸ்தம்' என்று ஒலிபெயர்த்துப் பெயரிட்டார். வடசொல், ஒலிபெயர்ப்பு எதனையும் விலக்காமல் வேலை நடக்கவேண்டும் என்று கருதியவர் அவர். அந்நடை இன்றைய மாணவருக்குக் கடினமே. ஆயினும் தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலுமா என்னும் வினா நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே விடை பெற்றுவிட்டது.

பின்னர்ப் பாதை பிரிந்தது. இலங்கையின் தமிழ்ப் பாடநூல்கள் பெருமூளையை 'மூளையம்' என்றும் சிறுமூளையை 'மூளி' என்றும் வழங்குகின்றன. தமிழ்நாட்டின் 'முகுளம்' அங்கே 'நீள்வளைய மையவிழையம்'. 'தண்டுவடம்' அங்கே 'முண்ணாண்'. 'மூளி' இலத்தீனின் குறுமை வடிவத்தைத் தமிழ் ஈற்றாலேயே அமைக்க முயன்ற நுட்பமான ஆக்கம். ஆனால் உறுப்புக் குறைந்தது, அணியற்றது என்னும் பழம்பொருள் அச்சொல்லில் ஒட்டிக்கொண்டுள்ளது. தமிழகத்தார் கேட்டால் நகைப்பர். 'முண்ணாண்' என்பதையோ நாம் 'தண்டுவட'த்தினும் அழகிய சொல்லாகக் கருதுகிறோம்.

பெயர் இன்னும் நிலைபெறாத பகுதியும் உண்டு. பெருமூளையின் ஆழத்தில் உள்ள நரம்பணுத் திரள்கள், எந்த அசைவைத் தொடங்குவது, எதனை அடக்குவது என்பதைத் தெரிவு செய்ய உதவுகின்றன. அவற்றோடு இணைந்த கரும்பொருள் பகுதியின் அணுக்கள் அழிந்து டோபமின் குறையும்போது, ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் விளக்கிய நடுக்குவாதம் தோன்றுகிறது. அதற்குரிய முதன்மை மருந்தான லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937இல் பிரித்தெடுத்து வெளியிட்டோர் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தாமோதரனும் இராமசாமியும் ஆவர். அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

நம் மலேசிய மாணவர் ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் பயின்று, இடைநிலைப்பள்ளியில் 'செரெபெலும்' என்னும் சொல்லைச் சந்திக்கிறார். தமிழில் தேடினால் சென்னையின் சொல்லும் கொழும்பின் சொல்லும் வெவ்வேறாகக் கிடைக்கின்றன. 'சிறுமூளை' என்பதையே பொதுச்சொல்லாகக் கொண்டு, 'மூளி'யை இலங்கை வழக்கென ஆசிரியர் ஒருமுறை கூறிவிடுதல் போதும் என்பது நம் கருத்து. ஆனால் பெயரோடு நின்றுவிடலாகாது. நம் தோட்டப்புறங்களில் தள்ளாடும் மனிதரைக் கண்டால் நா முதலில் சொல்வது 'குடித்திருக்கிறார்' என்பதே. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. கள்ளும் சாராயமும் சிறுமூளையைத் தாக்குவதால்தான் நடையும் பேச்சும் குழறுகின்றன. ஆனால் சிறுமூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலும் அதே தோற்றம்தான்: திடீர்த் தலைச்சுற்றல், வாந்தி, அகலக் கால்வைத்த நடை, குழறும் நாக்கு. கை கால் விழாமலே இருக்கலாம். ஆகவே பக்கவாதம் என்று எவரும் எண்ணுவதில்லை. வீக்கம் மிகுந்து மூளைத்தண்டை நெருக்குமுன் மருத்துவமனை சேராவிடில் உயிருக்கே இடர். குடித்தவர் என்று திண்ணையில் படுக்கவைக்கப்படுபவருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

வகுப்பில் செய்யத்தக்க எளிய சோதனைகள் மருத்துவரிடமே உள்ளன: விரலால் மூக்கையும் எதிரே நீட்டிய விரலையும் மாறிமாறித் தொடுதல், உள்ளங்கையை விரைந்து புரட்டுதல். மொழியாசிரியருக்கு உரியதும் ஒன்றுண்டு. 'பதக, பதக, பதக' என விரைந்து சொல்லச் செய்தல். பகரம் இதழில், தகரம் நுனிநாவில், ககரம் அடிநாவில் பிறக்கின்றன. மூன்றையும் சீராகக் கோத்துத் தருவதில் சிறுமூளைக்குப் பங்குண்டு. அது பழுதுற்றவரிடம் ஒலிகள் அழிவதில்லை. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, இடைவெளி ஒவ்வாமல், சில உரக்கவும் சில தேய்ந்தும் வெளிப்படுகின்றன.